நாணயஸ்தர்

தமிழ் பாஷையில் ஒரு விசேஷம் உண்டு. பையில் கிடக்கும் ரூபாய்க்கும் நாணயம் என்று பெயர். மனிதனுடைய யோக்கியதைக்கும் நாணயம் என்றுதான் பெயர். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்த நம் முன்னோர்கள் வார்த்தைப் பஞ்சத்தினால் அப்படிச் செய்திருப்பார்கள் என்று நமக்குத் தோன்றவில்லை.

வெள்ளி ரூபாய் வழங்கிய காலத்தில் கடைக்காரர்கள் ஒரு காரியம் செய்வதுண்டு. வாங்கிய ரூபாயைக் கல்லின்மேல் சுண்டிப் போட்டு, கணீரென்று சப்தம் கேட்ட பிறகே பெட்டியில் சேர்ப்பார்கள். சப்தம் மந்தமாயிருந்தால் ரூபாய் வந்த வழியே திரும்பிவிடும். நெடுநாளாகப் பழகிய சில வாடிக்கைக்காரர்கள் கொடுத்த ரூபாயை மட்டும் சுண்டிப் பார்க்காமலே பெட்டியில் போட்டுக்கொள்வார்கள். ரூபாய்க்கு அவர்களுடைய முகமே ஜாமீன். அப்படிப்பட்டவர்களைத்தான் ஊரில் நாணயஸ்தர் என்று சொன்னார்கள்.

நாம் இங்கே பேச வந்தது ரூபாயைப் பற்றி அல்ல, சொல்லைப் பற்றி. ஒருவர் "வியாழக்கிழமை வருகிறேன்" என்று சொல்கிறார். வியாழக்கிழமையன்று நாம் நிம்மதியாக நம் வேலையைப் பார்க்கலாமா, அல்லது புதன்கிழமையே ஆள் அனுப்பி ஞாபகப்படுத்தி, வியாழன் முழுவதும் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டுமா? மனிதர்களை இந்த ஒரு கேள்வியினாலேயே இரண்டு வகுப்பாகப் பிரித்துவிடலாம். படிப்பு, பணம், பதவி, பேச்சுச் சாமர்த்தியம் எல்லாம் அதற்கு அப்புறந்தான்.

நம் நாட்டில் சில சொற்களுக்கு அகராதியில் ஓர் அர்த்தமும் வழக்கத்தில் வேறோர் அர்த்தமும் இருக்கின்றன. "இதோ வந்துவிட்டேன்" என்றால் இன்னும் புறப்படவில்லை என்று பொருள். "பார்க்கலாம்" என்றால் மாட்டேன் என்று பொருள். "சொல்லி அனுப்புகிறேன்" என்றால், "தயவு செய்து இதைப் பற்றி இனிமேல் கேட்காதீர்கள்" என்று பொருள். "நாளைக்கு" என்ற சொல்லுக்கோ இன்னதுதான் பொருள் என்று பெரிய வித்வான்களாலும் நிச்சயம் செய்ய முடியாது.

தீபாவளிக்கு முந்தின நாள் இரவு பத்து மணிக்குத் தையற் கடை வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பார்க்காத நேயர்கள் இருக்க மாட்டார்கள். "தைத்தாகிவிட்டது ஐயா, காஜா போட வேண்டியதுதான் பாக்கி" என்று தையற்காரர் சொல்லுவார். துணி என்னவோ மடிப்புக் கலையாமல் அலமாரியிலேயே இருக்கும். அந்த மனிதரை எல்லோரும் திட்டுகிறார்கள். ஆனால் அவர் கெட்டவரா? அவர் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். நாற்பது சட்டை தைக்கக்கூடிய கையினால் அறுபது சட்டைக்குத் துணி வாங்கிக்கொண்டுவிட்டார். ஏன் வாங்கிக்கொண்டார்? நீங்கள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய், "எப்படியாவது முடித்துத் தர வேண்டும்" என்று கேட்டீர்கள். "முடியாது" என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

இதற்குத் தாட்சண்யம் என்று பெயர். நம் ஜனங்களிடம் இந்தக் குணம் ஏராளமாக உண்டு. இதை ஒரு நற்குணமாகவே நினைத்து நாம் பெருமைப்பட்டும் வருகிறோம். முகத்துக்கு நேரே ஒருவரை ஏமாற்றம் அடையச் செய்யக் கூடாது என்பதற்காக, பிற்பாடு முதுகுக்குப் பின்னால் ஏமாற்றுகிறோம்! சிநேகிதர் கைமாற்றுக் கேட்கிறார். கையில் பணம் இல்லை. ஆனாலும் "ஒன்றாந் தேதி பார்த்துச் செய்கிறேன்" என்கிறோம். அவர் அதை நம்பி வேறிடத்தில் கேட்காமல் இருந்துவிடுகிறார். ஒன்றாந் தேதி பையனுக்குப் பரீட்சைக் கட்டணம் கட்ட வேண்டும். அன்று நாம் தலைவலி என்று படுத்துக்கொண்டிருக்கிறோம். முதல் நாளே "இல்லை" என்று சொல்லியிருந்தால் அவருக்கு ஐந்து நிமிஷ வருத்தம். இப்பொழுதோ பையனுக்கு ஒரு வருஷப் படிப்பு. உலகத்தில் முறிந்துபோகும் வாக்குறுதிகளில் பொய்யர்கள் கொடுத்தவை கொஞ்சம்தான் என்பது நம் அபிப்பிராயம். பெரும்பாலானவை நல்ல மனிதர்கள் தாட்சண்யத்தினால் கொடுத்தவை. "முடியாது" என்பதை முகமலர்ச்சியோடு உரிய காலத்தில் சொல்லத் தெரிந்தவருடைய "ஆகட்டும்" என்ற சொல்லுக்குத்தான் மதிப்பு உண்டு.

"எல்லாம் சரி, மனிதன் நினைக்கிறபடியா நடக்கிறது? மழை வருகிறது, ஜுரம் வருகிறது, ரயில் தவறிவிடுகிறது" என்று சிலர் ஆட்சேபிக்கலாம். வாஸ்தவம். வருகிறேன் என்று சொன்னவர் வர முடியாமல் போவது குற்றம் இல்லை. வர முடியவில்லை என்று சொல்லி அனுப்பாமல் இருப்பதுதான் குற்றம். 1879-ஆம் வருஷத்தில் இந்தியாவில் தபால் கார்டு ஏற்பட்டபோது அதன் விலை காலணா. காலணாச் செலவில் ஒரு மனிதரைக் காத்திருக்கும் துன்பத்திலிருந்து விடுவிக்கலாம் என்ற சௌகரியம் அன்றே வந்துவிட்டது. இப்பொழுது அந்தச் செலவும் இல்லை. ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் டெலிபோன் இருக்கிறது. அதனால் நம் நாணயம் வளர்ந்திருக்கிறதா என்றால், படுக்கையில் புரண்டுகொண்டே "வந்துகொண்டே இருக்கிறேன், பாதி வழி வந்தாயிற்று" என்று சொல்லும் சௌகரியம்தான் வளர்ந்திருக்கிறது.

காந்தி மகான் இடுப்பில் கடிகாரத்தைத் தொங்க விட்டுக்கொண்டிருந்த படத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சொத்து என்று ஒன்றும் வைத்துக்கொள்ளாத மனிதர் கடிகாரத்தை மட்டும் விடவில்லை. 1948-ஆம் வருஷம் ஜனவரி 30-ந் தேதி மாலை சர்தார் பட்டேலுடன் பேசிக்கொண்டிருந்ததில் ஐந்து மணிப் பிரார்த்தனைக்குச் சுமார் பத்து நிமிஷம் தாமதமாகிவிட்டது. தோளுக்குத் துணையாக வந்த பெண்களிடம், நேரத்தை நினைவுபடுத்தியிருக்கக் கூடாதா என்று கடிந்துகொண்டே அவர் வேகமாக நடந்தார். அடுத்த சில நிமிஷங்களில் நடந்ததை நாம் சொல்ல வேண்டியதில்லை. தமக்காகக் காத்திருந்த ஜனங்களைக் காக்க வைத்துவிட்டோமே என்ற விசாரம் கடைசி நடையிலும் அவரை விடவில்லை என்பதைத்தான் இங்கே குறிப்பிட விரும்புகிறோம்.

நம்பத் தகுந்த மனிதர்களுக்கு ஒரு துரதிர்ஷ்டம் உண்டு. அவர்களை யாரும் கவனிப்பதில்லை. பால்காரர் ஒரு நாள் வராவிட்டால் வீடு அமளிப்படுகிறது. முந்நூற்று அறுபத்து நாலு நாள் விடியற்காலையில் வந்தது யாருக்கும் நினைவில்லை. எந்தக் குடும்பத்தை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பெரியண்ணாவோ, ஒரு சித்தியோ, கல்யாணமாகாத ஓர் அத்தையோ இருப்பார்கள். ஆஸ்பத்திரியில் இரவு கண்விழிக்க அவர்கள். கல்யாணத்தில் உக்கிராண அறைச் சாவி அவர்களிடம். வயதான தகப்பனாருக்கு மருந்து வேளை தெரிந்தவர்கள் அவர்கள் மட்டும். "அவரிடம் சொல்லிவிட்டேன், இனிக் கவலை இல்லை" என்று மற்றவர்கள் தூங்கப் போய்விடுவார்கள். பத்துப் பேருடைய தூக்கத்துக்கு ஒருவர் விழித்திருக்கிறார். தங்கள் பொறுப்பைத் தட்டிக் கழிக்கிறவர்கள் சாமர்த்தியசாலிகள் என்று பெயர் வாங்க, இவர் "பாவம், நல்ல மனுஷர்" என்ற பட்டத்தோடு காலந்தள்ளுகிறார். இது அநியாயம். நாணயஸ்தரின் பேரில் எல்லாச் சுமையையும் ஏற்றுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவருக்கு ஜுரம் வருகிற நாளில்தான் குடும்பத்தில் மற்றவர்களுடைய யோக்கியதை வெளிப்படும்.

நம்பிக்கை முறிந்தால் யாருக்கு நஷ்டம் என்பதற்குச் சென்னை சரித்திரத்தில் ஒரு பெரிய சாட்சியம் இருக்கிறது. 1906-ஆம் வருஷம் அக்டோபர் 22-ந் தேதி ஆர்பத்னாட் கம்பெனி மஞ்சள் கடுதாசி நீட்டியது. அந்நாளில் சென்னையிலிருந்த மிகப் பெரிய வெள்ளைக்காரக் கம்பெனிகளில் அது ஒன்று. வியாபாரத்தோடு பாங்கித் தொழிலும் நடத்தி, ஜனங்களிடம் டிபாஸிட் வாங்கி வந்தது. வெள்ளைக்காரக் கம்பெனி என்றால் கல்லில் சுண்டிப் பார்க்க வேண்டியதே இல்லை என்று நம்மவர்கள் எண்ணியிருந்த காலம் அது. பென்ஷன் வாங்கியவர்கள், விதவைகள், பெண் கல்யாணத்துக்கென்று ரூபாய் ரூபாயாகச் சேர்த்தவர்கள் எல்லோரும் அங்கே கொண்டுபோய்ப் போட்டிருந்தார்கள். லண்டனில் இருந்த கூட்டாளி அந்தப் பணத்தை ஊக வியாபாரத்தில் விட்டார். கம்பெனி விழுந்த அதே சமயத்தில் அவர் தம் உயிரையும் மாய்த்துக்கொண்டார். சென்னையில் தலைவராயிருந்த ஸர் ஜார்ஜ் ஆர்பத்னாட்டின் பேரில் வழக்கு நடந்து, பதினெட்டு மாதம் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. தண்டனை கிடைத்ததனால் விதவையின் பெட்டிக்குப் பணம் திரும்பி வந்துவிடவில்லை.

அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. ஒரு தடவை ஏமாந்தவன் பிறகு யாரையும் நம்புவதில்லை. இருக்கிற நாலு காசையும் பானையில் போட்டுப் புதைத்துவிடுகிறான். புதைத்த காசினால் ஒரு தறி ஓடாது. ஒரு கடை திறக்காது. தேசம் முழுவதும் இப்படிப் பானையில் புதைந்தால் சுதேசித் தொழில் எங்கிருந்து வளரும்?

இந்த நிலைமையில்தான் வக்கீல் வி. கிருஷ்ணசாமி அய்யரும் அவருடைய சகாக்களும் ஒரு துணிகரமான காரியம் செய்தார்கள். பணத்தை இழந்தவர்களுக்காகக் கோர்ட்டில் வாதாடிய கிருஷ்ணசாமி அய்யர், இந்தியர்களே நடத்தும் ஒரு பாங்கி வேண்டும் என்று சொல்லி, சூடு கண்ட ஜனங்களிடமே மறுபடியும் பணம் கேட்கப் புறப்பட்டார்! ஐந்து மாதத்துக்குள் பாங்கி பதிவாயிற்று. 1907-ஆம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி இந்தியன் பாங்கி கதவைத் திறந்தது. (தேதியைக் கவனியுங்கள். நாற்பது வருஷம் கழித்து அதே தேதியில் தேசத்தின் கதவே திறக்கப் போகிறது என்று அன்று யாருக்குத் தெரியும்?) அந்தப் பாங்கி இன்றும் நடக்கிறது.

ஜனங்கள் எதைப் பார்த்து மறுபடியும் பணம் கொடுத்தார்கள்? கட்டடத்தைப் பார்த்து அல்ல. ஆர்பத்னாட்டுக்கு இல்லாத கட்டடமா? தெரிந்த மனிதர்கள் முன்னால் நின்றார்கள். அவர்கள் முகமே ஜாமீன். நாட்டுக்கோட்டை நகரத்தாரும் பாங்கிக்குப் பக்கபலமாயிருந்தார்கள். அவர்களுக்கோ இது புதிய விஷயமே அல்ல. ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் கடை வைத்திருந்த அவர்கள், கடலுக்கு அக்கரையில் எழுதிய ஒரு துண்டுக் காகிதத்தை, உண்டியல் என்ற பெயரில், இக்கரையில் பணமாக மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நம்பிக்கையைத் தவிர வேறு என்ன அந்தக் காகிதத்தில் இருந்தது? அந்த நம்பிக்கை வானத்திலிருந்து விழவில்லை. மீசை முளைக்காத சிறுவன் ஒருவன் பெட்டியடிப் பையனாகக் கடையில் சேர்வான். கணக்கும் கைச் சுத்தமும் பழகிய பிறகு அடுத்தாள் ஆவான். பிறகு மேலாள் ஆகிக் கடையையே நடத்துவான். ஐந்தொகையில் ஒரு சல்லி உதைத்தாலும் அது எங்கே போயிற்று என்று கண்டுபிடித்தாக வேண்டும். சல்லிக்குப் பதில் சொல்லிப் பழகிய பையனை நம்பித்தான் பிற்காலத்தில் லட்சத்தைக் கொடுத்துக் கப்பலேற்றினார்கள்.

ஆர்பத்னாட் விழுவதற்கு ஆறு நாள் முந்தி, அதே அக்டோபர் மாதத்தில், தூத்துக்குடிச் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. அதைத் தொடங்கிய வ.உ. சிதம்பரம் பிள்ளையின் கதையை நேயர்கள் நன்கு அறிவார்கள். வாடகைக்குக் கப்பல் கொடுத்தவர்கள் வெள்ளைக்காரக் கம்பெனியின் நிர்ப்பந்தத்தினால் பின்வாங்கியபோது, திரும்பினால் கப்பலோடுதான் திரும்புவேன் என்று சொல்லி அவர் பம்பாய்க்குப் புறப்பட்டார். அப்படியே 1907-ஆம் வருஷத்தில் கப்பல் வந்தது. பங்கு வாங்கிய வியாபாரிகளும் சாமான் ஏற்றியவர்களும் அந்த ஒரு மனிதருடைய சொல்லை நம்பியே நின்றார்கள். பிறகு 1908-இல் சிறைவாசம், செக்கிழுப்பு. 1911-இல் கம்பெனியே கலைந்தது. 1912-ஆம் வருஷக் கடைசியில் வெளியே வந்தபோது அவரை வரவேற்ற கூட்டம் சொற்பம். வக்கீல் சன்னதும் போய், வறுமையே துணையாக அவர் சென்னையில் வாழ்ந்தார்.

அந்தச் சமயத்து விஷயம் ஒன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தென்னாப்பிரிக்காவில் கஷ்ட ஜீவனம் நடத்திக்கொண்டிருந்த தமிழர்கள், சிறைப்பட்ட பிள்ளையவர்களுக்கு உதவியாகப் பணம் சேகரித்து அங்கேயிருந்த காந்தியிடம் ஒப்படைத்திருந்தார்கள். 1915-இல் இந்தியாவுக்குத் திரும்பிய காந்தி, அந்தப் பணம் உங்களுக்கு வந்து சேர்ந்ததா என்று பிள்ளையவர்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். சேரவில்லை. இருவருக்கும் இடையே கடிதங்கள் போயின, வந்தன. மாதங்கள் கடந்தன. 1916-ஆம் வருஷ ஆரம்பத்தில் 347 ரூபாய் 12 அணா பிள்ளையவர்கள் கைக்கு வந்தது.

இதில் இரண்டு பக்கமும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. பசித்திருக்கிறவனுக்கு மாதங்கள் நீளமானவை. காலங்கடந்து வருகிற பணம் காலத்தில் வருகிற பணம் ஆகாது. ஆனால் வாங்கி வைத்தவரே நினைத்துக்கொண்டு, சேர்ந்ததா என்று முதலில் கேட்டார் அல்லவா? பெயர் மறைந்து வாழ்ந்த ஒரு மனிதருக்குச் சேர வேண்டிய தொகை எத்தனை பெரிய காரியங்களின் நடுவே மறந்துபோயிருக்கலாம்! அந்தக் கணக்கில் நம் கண்ணில் படுவது முந்நூற்று நாற்பத்தேழு ரூபாய் அல்ல. அந்தப் பன்னிரண்டு அணாதான்.

பெரியவர்கள் கதையைச் சொல்லிவிட்டு நம் வீட்டுக் கதையை விட்டுவிடுவது நியாயமாகாது. தையற்காரர் ஏமாற்றுகிறார், வேலைக்காரி சொல்லாமல் நின்றுவிடுகிறாள் என்று நம் வீட்டுத் திண்ணைகளில் தினமும் மகாநாடு நடக்கிறது. அதே வேலைக்காரிக்கு ஒன்றாந் தேதி சம்பளம் ஒன்றாந் தேதி கிடைக்கிறதா என்று எந்த மகாநாட்டிலாவது யாராவது கேட்டது உண்டா? ஆபீஸில் நம் சம்பளம் இரண்டு நாள் தாமதமானால் ஆகாசத்துக்கும் பூமிக்கும் குதிக்கிறோம். அவளிடம், "இந்த மாதம் கொஞ்சம் முடை, பத்தாந் தேதி வாங்கிக்கொள்" என்று மிகச் சுலபமாகச் சொல்கிறோம். அவள் தன் வீட்டு வாடகைக்காரரிடம் என்ன சொல்லுவாள்? அரிசிக் கடையில் என்ன சொல்லுவாள்? நாம் சொன்ன ஒரு பொய்யை அவள் நாலு இடத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது. நாலு இடத்திலும் நாணயமற்றவள் என்ற பெயர் அவளுக்கு. கனவான் என்ற பெயர் நமக்கு! பணக்காரர் வாக்குத் தவறினால் அதற்கு அசௌகரியம் என்று பெயர்; ஏழை தவறினால் மோசடி என்று பெயர். வசதியுள்ளவருடைய தவறுதலே கீழே இறங்கி இறங்கி, கடைசியில் ஏழையின் தவறுதலாக உருவெடுக்கிறது என்பதைக் கொஞ்சம் விசாரித்தால் தெரியும். தையற்காரரின் கணக்கு நோட்டையும் ஒரு தடவை வாங்கிப் பார்க்கலாம். போன தீபாவளிப் பாக்கி எத்தனை கனவான்களுடைய பெயரில் நிற்கிறது என்று அதில் எழுதியிருக்கும்.

இரவல் வாங்கிய புஸ்தகத்தைப் பற்றியும் எழுத வேண்டும் என்று எண்ணினோம். ஆனால் நேயர்களில் பலர் இந்தப் பக்கத்தைத் திருப்பிவிடுவார்களோ என்ற பயத்தினால் விட்டுவிடுகிறோம். பத்திரிகைச் சந்தா விஷயத்தையோ நாம் பிரஸ்தாபித்தால் சுயநலம் என்று சொல்லுவார்கள்.

குழந்தைகள் விஷயம் ஒன்று பாக்கியிருக்கிறது. வீட்டில் மிகச் சுலபமாக வாக்குக் கொடுக்கப்படுவது அவர்களுக்குத்தான். அழுகிற குழந்தையை நிறுத்துவதற்கு, "ஞாயிற்றுக்கிழமை கண்காட்சிக்கு அழைத்துப் போகிறேன்" என்று அப்பா சொல்லுகிறார். சொன்ன மாத்திரத்தில் அழுகை நின்றுவிடுகிறது. அவரும் பத்திரிகையைப் பிரித்துக்கொண்டு விஷயத்தை மறந்துவிடுகிறார். குழந்தை மறக்கிறதில்லை. திங்கட்கிழமையிலிருந்து விரல் விட்டு எண்ணுகிறது. பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லி வைக்கிறது. வாங்க வேண்டிய பலூன் சிவப்பா பச்சையா என்று தங்கையோடு சண்டை போடுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே தானாகக் குளித்து, நல்ல சட்டையை எடுத்து, பித்தானை மேலும் கீழுமாக மாற்றிப் போட்டுக்கொண்டு, அப்பாவின் செருப்புக்குப் பக்கத்தில் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறது.